இருந்தால் தேவலை: ‘டிசைரபிள்’ என்ற ஆங்கிலச் சொல்

வேலை அறிவிப்புகளில் கல்வித் தகுதி என்ற தலைப்புக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு பிரிவுகள் இருக்கும். ஒன்று எசென்ஷியல், அதாவது கட்டாயம் இருக்க வேண்டியது. இன்னொன்று டிசைரபிள். முதலாவதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. இரண்டாவதைப் பார்த்ததும்தான் தடுமாற்றம். ‘இது நம்மகிட்ட இல்லையே’ என்று விண்ணப்பத்தையே மூடிவைப்பவர்கள் ஒரு பக்கம். ‘அது சும்மா போட்டிருப்பாங்க’ என்று தாண்டிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் இந்த இரண்டு வகையையும் பார்க்கலாம். தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய ஊர்தான், ஆனாலும் ஆங்கிலம் என்றால் டென்ஸும் வாய்ஸும் என்று நினைக்கிற பழக்கம் இங்கேயும் போகவில்லை. ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை.

அகராதியில் டிசைரபிளுக்கு ‘விரும்பத்தக்க’ என்று போட்டிருக்கும். சரியான பொருள்தான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. அதற்குப் பேச்சுத் தமிழில் இருக்கிற ஒரு சொல் நன்றாக உதவும். ‘ஒரு மழை பெஞ்சாத் தேவல’ என்கிறோமே, அந்தத் தேவலை. அப்படிச் சொல்லும்போது மழை இன்னும் பெய்யவில்லை என்பது ஒன்று. பெய்தால் நல்லது என்பது இரண்டு. பெய்யாவிட்டால் இன்றைக்கே குடி முழுகிவிடாது, ஆனால் பெய்யாமலே போனால் சங்கடம்தான் என்பது மூன்று. டிசைரபிள் என்ற சொல்லுக்குள்ளும் இந்த மூன்றும் இருக்கின்றன. (‘காய்ச்சல் தேவலையா?’ என்று கேட்கிற தேவலை வேறு. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.)

இனி அந்த வேலை அறிவிப்புக்கு வருவோம். யூபிஎஸ்சி எனப்படும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நேரடி நியமனத்துக்கு வெளியிடுகிற அறிவிப்புகளில் பதவிகளுக்கு எதிரே இக்யூ, டிக்யூ என்று இரண்டு சுருக்கங்களைப் பார்க்கலாம். எசென்ஷியல் குவாலிஃபிகேஷன், டிசைரபிள் குவாலிஃபிகேஷன் என்பவற்றின் முதலெழுத்துகள் அவை. இக்யூ இல்லாதவர் விண்ணப்பித்துப் பயனில்லை. டிக்யூ இல்லாதவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே அறிவிப்பில் தள்ளி, யாரும் படிக்காத பகுதியில், இன்னொரு விஷயம் சொல்லியிருப்பார்கள். விண்ணப்பங்கள் ஏராளமாக வந்தால், நேர்காணலுக்குக் கூப்பிடுகிற ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க டிசைரபிள் தகுதியையும் ஆணையம் ஒரு வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்று இருக்கும். நாலு இடத்துக்கு நாற்பது பேர் போட்டால் டிக்யூ இல்லாதவருக்கும் அழைப்பு வரக்கூடும். நாலாயிரம் பேர் போட்டால் அதே ஆள் வடிகட்டலில் நின்றுவிடலாம். சொல் மாறவில்லை, அதன் பலம் மட்டும் கூட்டத்தைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது.

அதனால் டிசைரபிள் தகுதி இல்லை என்றாலும் விண்ணப்பத்தைப் போடத்தான் வேண்டும். இருக்கிறது என்றால், அதைச் சான்றிதழோடு அதற்குரிய இடத்தில் தெளிவாகக் காட்டத்தான் வேண்டும். ‘எசென்ஷியல் தகுதியே போதும்’ என்று கணினிப் பயிற்சிச் சான்றிதழையோ முன் அனுபவத்தையோ எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. கையில் இருந்ததைத் தாங்களே கீழே போடுகிறார்கள். தனியார் நிறுவனங்கள் இதே கருத்துக்கு ‘ப்ரிஃபர்டு’ என்றோ ‘ஆடட் அட்வான்டேஜ்’ என்றோ போடும். கனம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு மறுநாள் போடுகிற சொதிச் சாப்பாட்டை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். அதில் தேங்காய்ப்பால் குழம்பான சொதி எசென்ஷியல். அது இல்லாவிட்டால் அந்தச் சாப்பாட்டுக்கு அந்தப் பேரே கிடையாது. உருளைக்கிழங்கு சிப்ஸ் டிசைரபிள். இல்லாமலும் இலையில் உட்காரலாம், ஆனால் கை அதைத் தேடும். இஞ்சித் துவையல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அது வெறும் டிசைரபிள்தான் என்று திருநெல்வேலி டவுனில் நின்று சொன்னால் சண்டை வரும்.

கூடிய, தக்க

ஆங்கிலம் கற்கிறவர்களுக்கு ‘ஏபிள்’ என்று முடிகிற சொற்களைப் பற்றி ஒரு குறுக்கு வழி சொல்லித் தருவார்கள். ‘ஏபிள்’ வந்தால் ‘முடியும்’ என்று எடுத்துக்கொள். ரீடபிள் என்றால் படிக்க முடிவது, வாஷபிள் என்றால் துவைக்க முடிவது. பெரும்பாலான இடங்களில் இது சரியாக வரும். டிசைரபிளில் வராது. விரும்ப முடிவது என்று எடுத்துக்கொண்டால் பொருளே கெட்டுவிடும், ஏனென்றால் மனிதனால் விரும்ப முடியாதது என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை. கடன் வாங்கிச் சீட்டாடுவதைக் கூட ஒருவன் விரும்பலாம்.

தமிழில் இந்த இரண்டு கருத்துக்கும் தனித்தனி விகுதி போன்ற சொற்கள் இருக்கின்றன. காணக்கூடிய, காணத்தக்க. குற்றாலத்துப் பேரருவி தண்ணீர் நிறைந்து விழும்போது தூரத்திலிருந்தே காணக்கூடியது. சீசனில் அது காணத்தக்கதும்கூட. அருவிக்கரையில் குவிந்து கிடக்கிற பிளாஸ்டிக் பாட்டில்களும் காணக்கூடியவைதான். அவற்றைக் காணத்தக்கவை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்து ‘ஏபிள்’ இரண்டு வேலையையும் ஒரே உருவத்தில் செய்கிறது. டிசைரபிளில் அது செய்வது ‘தக்க’ என்பதன் வேலை. அட்மைரபிள், ஹானரபிள் போன்றவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. போற்றத்தக்க, மதிக்கத்தக்க.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். தத்துவத்தில் இந்த ஒரு சொல்லை வைத்து நூறு வருஷத்துக்கு மேலாக வழக்கு நடக்கிறது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியக்கூடியது என்பதற்கு, மக்கள் அதை உண்மையில் பார்க்கிறார்கள் என்பது மட்டுமே சான்று. ஓர் ஒலி கேட்கக்கூடியது என்பதற்கு, மக்கள் அதைக் கேட்கிறார்கள் என்பதே சான்று. அதேபோல ஒன்று டிசைரபிள் என்பதற்கும், மக்கள் அதை உண்மையில் விரும்புகிறார்கள் என்பதைத் தவிர வேறு சான்று தர முடியாது என்றார். எல்லாரும் இன்பத்தை விரும்புகிறார்கள், ஆகவே இன்பம் டிசைரபிள் என்ற இடத்துக்கு வருவதற்காக அவர் போட்ட பாதை அது.

1903-இல் இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜி. இ. மூர் இதைப் பிடித்துக்கொண்டார். விசிபிள் என்பதில் இருக்கிற ‘இபிள்’ முடிவதைச் சொல்கிறது, டிசைரபிளில் இருக்கிற ‘ஏபிள்’ தகுதியைச் சொல்கிறது, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாரே மில் என்பது மூரின் குற்றச்சாட்டு. டிடெஸ்டபிள் என்றால் வெறுக்க முடிவது என்றா பொருள், வெறுக்கத்தக்கது என்றல்லவா பொருள் என்று அவர் எடுத்துக்காட்டினார். மில் அவ்வளவு விவரமில்லாதவர் அல்லர், அவர் தகுதிக்கான சான்று என்ன என்றுதான் பேசினார், இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை என்று அவர் பக்கம் நின்று வாதாடியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் பாதிதான் ஒப்புகிறது. மில் தமிழில் எழுதியிருந்தால் ‘காணக்கூடிய’ என்று தொடங்கி ‘விரும்பத்தக்க’ என்று முடிக்கும்போது பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும்.

யாருமே விரும்பாத ஒன்று டிசைரபிளாக இருக்க முடியுமா? முடியும். அதற்கு நல்ல சான்று கல்வி உளவியலில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியோர்க் 1994-இல் ‘டிசைரபிள் டிஃபிகல்ட்டி’ என்ற தொடரைக் கொண்டுவந்தார். விரும்பத்தக்க சிரமம். சிரமத்தை எவன் விரும்புவான்? ஆனாலும் சில சிரமங்கள் படிப்பு மனதில் தங்குவதற்கு உதவுகின்றன என்பது அவர் கண்டது. ஒரு பாடத்தை ஒரே மூச்சில் பத்து தடவை படிப்பதைவிட, இரண்டு நாள் விட்டு, கொஞ்சம் மறந்த பிறகு திரும்ப எடுப்பது கஷ்டம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்ன படித்தோம் என்று எழுதிப் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். கணக்கில் ஒரே வகையை வரிசையாகப் போடாமல் கலந்து போடுவதும் கஷ்டம். அந்த நேரத்தில் ‘நமக்கு ஒண்ணும் ஏறல’ என்று தோன்றும். பரீட்சை சமயத்தில் பார்த்தால் அப்படிப் படித்ததுதான் நிற்கும். குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. படிக்கிறவரால் தாண்டக்கூடிய சிரமமாக அது இருக்க வேண்டும். அடிப்படையே தெரியாதவனிடம் கடினமான கேள்வித்தாளை நீட்டினால் அது வெறும் டிஃபிகல்ட்டி.

இங்கே டிசைரபிள் என்ற சொல் எவ்வளவு சுத்தமாக நிற்கிறது பாருங்கள். விருப்பம் துளியும் இல்லை, தகுதி மட்டும் இருக்கிறது.

யாருக்கு, எதற்கு

டிசைரபிள் என்று எங்கே பார்த்தாலும் உடனே கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு என்பது. அந்தச் சொல் தனியாக நிற்காது. எழுதியவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் ‘இன்னாருக்கு, இன்ன காரியத்துக்கு’ என்பது அதற்குப் பின்னால் இருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏஎஸ்டி என்று பேர் தொடங்குகிற நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை, அந்த மூன்று எழுத்தும் ஊர்ப் பேரிலிருந்து வந்ததுதான். அதில் 1986-இல் வெளியான ஏஎஸ்டி 16 இந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாருக்கும் தெரிந்த ரகம். குறுகிய கால நெல், அரிசி குட்டையாக, தடித்து இருக்கும். நெல் ரகம் உருவாக்குகிறவர்கள் ‘டிசைரபிள் ட்ரெய்ட்ஸ்’ என்று ஒரு தொடரை அடிக்கடி எழுதுவார்கள். ஒரு பயிரில் இருக்க வேண்டும் என்று தேடுகிற குணங்கள் என்று அர்த்தம். பயிர் சாயாமல் நிற்பது, நோய்க்கு ஈடுகொடுப்பது, சீக்கிரம் அறுப்புக்கு வருவது எல்லாம் அதில் அடங்கும். சரி, தடித்த அரிசி டிசைரபிளா? இட்லிக்கு மாவு அரைக்கிறவர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். பிரியாணி போடுகிறவரைக் கேட்டால் சிரிப்பார். நெல் ஒன்றுதான், கேட்கிற ஆள் மாறியதும் குணம் குறையாகிவிட்டது.

பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிற தென்மேற்குப் பருவக்காற்றும் இதே கதை. காற்றாலை வைத்திருக்கிறவருக்கு அந்தக் காற்று டிசைரபிள். களக்காட்டுப் பக்கம் வாழை போட்டு, குலை தள்ளுகிற நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு அதுவே அன்டிசைரபிள். மனை விற்கிற விளம்பரங்களிலும் ‘டிசைரபிள் லொகேஷன்’ என்று வரும். பெருமாள்புரம், மகாராஜ நகர் என்று பேர் போட்டிருந்தால் சரி, அந்த ஏரியாவைப் பலரும் தேடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் கல் நட்டுவிட்டு அப்படிப் போட்டிருந்தால், அது விற்கிறவருக்கு டிசைரபிள்.

‘யாருக்கு’ என்பதை ஆங்கிலத்தில் ஃபார் என்றோ டு என்றோ சேர்த்துச் சொல்வார்கள். ‘எதில், எவரிடம்’ என்று சொல்ல இன் வரும். பொறுமை ஓர் ஆசிரியரிடம் இருக்க வேண்டிய நல்ல குணம் என்று சொல்ல ‘பேஷன்ஸ் இஸ் டிசைரபிள் இன் எ டீச்சர்’.

தண்ணீர் ரிப்போர்ட்டில்

இந்தச் சொல் வீட்டுக்குள் வந்து பணம் கேட்கிற இடமும் ஒன்று உண்டு. தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ மெஷின் விற்க வருகிறவர், கரைந்திருக்கிற உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்குவார். எண் 500-ஐத் தாண்டியதும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டில் அவருக்கு அவ்வளவாக வேலை இருக்காது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீர் சில இடங்களில் உப்புக் கரிக்கும். அங்கே அந்த மீட்டர் நன்றாகப் பேசும்.

அந்த 500 எங்கிருந்து வந்தது? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. அதன் 1991-ஆம் ஆண்டுப் பதிப்பில் பல பொருள்களுக்கு இரண்டு எண்கள் கொடுத்திருந்தார்கள். முதல் எண்ணுக்கு டிசைரபிள் லிமிட் என்று பேர். இரண்டாவதற்கு, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க அளவு என்று பேர். நீரில் கரைந்திருக்கிற மொத்த உப்புகளுக்கு, அதாவது டிடிஎஸ்ஸுக்கு, முதல் எண் லிட்டருக்கு 500 மில்லிகிராம், இரண்டாவது 2000. குளோரைடுக்கு 250, 1000. ஃபுளோரைடுக்கு 1, 1.5.

ஆக 700 காட்டுகிற தண்ணீர் விஷம் ஆகிவிடாது. இருந்தால் தேவலை என்று வைத்த எல்லையைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தால் அதைக் குடிப்பது உத்தமம். கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தர நிர்ணயமே சொல்கிறது. அதற்காக டிசைரபிள் என்ற சொல்லைக் கண்டதும் அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. ஃபுளோரைடு வரிசையைப் பாருங்கள், இரண்டு எண்ணுக்கும் நடுவே இடைவெளி வெறும் அரை மில்லிகிராம். பல்லும் எலும்பும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அங்கே தாராளம் காட்டவில்லை.

2012-இல் வந்த திருத்திய பதிப்பில் டிசைரபிள் லிமிட் என்ற பேரை எடுத்துவிட்டு ‘அக்செப்டபிள் லிமிட்’ என்று போட்டார்கள். ஏற்கத்தக்க அளவு. என் கணிப்பில் நல்ல மாற்றம், ஏனென்றால் டிசைரபிள் என்று இருந்தால் அதை வெறும் ஆசை என்று தள்ளிவிடுகிற அதிகாரியும் இருப்பார், அதைத் தாண்டினால் ஆபத்து என்று பயமுறுத்துகிற வியாபாரியும் இருப்பார். பழைய நிலத்தடி நீர் அறிக்கைகளைப் படிக்கிறவர்களுக்கு மட்டும் இன்னமும் பழைய பேரே கண்ணில் படும். இரண்டும் ஒரே நெடுவரிசைதான் என்று தெரிந்தால் போதும்.

ஆபீஸ் ஆங்கிலம்

‘இட் இஸ் டிசைரபிள் தட்’ என்று தொடங்குகிற வாக்கியங்கள் அரசாங்கக் கடிதங்களில் நிறைய வரும். இதில் ஓர் இலக்கண நுணுக்கம் உண்டு. அந்த ‘தட்’டுக்குப் பின்னால் வருகிற வினை மாறாமல் அடிப்படை உருவத்தில் நிற்கும். ‘ஹி இஸ் பிரசென்ட்’ என்று வராது, ‘ஹி பி பிரசென்ட்’ என்று வரும். பழைய கலெக்டர் ஆபீஸ் பாணியில் நாமே ஒரு வாக்கியம் செய்து பார்ப்போம்: ‘இட் இஸ் டிசைரபிள் தட் எ பிரிட்ஜ் பி பில்ட் அக்ராஸ் தி ரிவர்.’ ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினால் நல்லது. யார் கட்டுவது, எப்போது கட்டுவது, யார் பணம் தருவது, எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. அப்படிப்பட்ட வாக்கியங்கள் கோப்புக்குள்ளேயே வயசாகிப் போவது வழக்கம். பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் சேர்க்கிற பாலம் 1843-இல் வந்தது என்றால், அதற்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தை எடுத்து வைத்தது காரணம்.

ஆனால் மேலதிகாரி கீழே இருப்பவருக்கு ‘டிசைரபிள்’ என்று எழுதினால் கதை வேறு. ‘அனைத்துப் பணியாளர்களும் பத்து மணிக்குள் வருவது விரும்பத்தக்கது’ என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், அது மரியாதையாகச் சொன்ன உத்தரவு. சட்டப்படி அதில் கட்டாயம் இல்லை என்று வாதாடலாம். வாதாடிப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை வாதாடுவதில்லை.

பக்கத்துச் சொற்கள்

டிசைரபிளோடு குழப்பிக்கொள்ளப்படுகிற சொற்கள் இரண்டு. ஒன்று டிசையர்டு. யாரோ ஏற்கெனவே விரும்பியது, எதிர்பார்த்தது. மருந்து ‘டிசையர்டு எஃபெக்ட்’ கொடுத்தது என்றால், டாக்டர் எதை எதிர்பார்த்துக் கொடுத்தாரோ அது நடந்தது என்று பொருள். அது நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் தீர்ப்பு சொல்வதில்லை. திருடன் பூட்டை உடைக்கிறான், பூட்டு திறக்கிறது. அவனுக்கு அது டிசையர்டு ரிசல்ட். அதை டிசைரபிள் ரிசல்ட் என்று எழுத நமக்கு வாய் வராது.

இன்னொன்று டிசைரஸ். விருப்பம் உடைய என்று பொருள். விரும்புகிற ஆளைப் பற்றிய சொல் இது. நம் ஊர் விண்ணப்பக் கடிதங்களில் ‘ஐ ஆம் டிசைரஸ் ஆஃப் ஜாயினிங்’ என்று எழுதுவது பழைய வழக்கம். சிலர் அவசரத்தில் அதை ‘ஐ ஆம் டிசைரபிள் டு ஜாயின்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேலையில் சேர விரும்புகிறேன் என்று சொல்ல வந்தவர், நான் எல்லாரும் ஆசைப்படத்தக்க ஆள் என்று சொல்லிவிடுகிறார். டிசைரஸும் இன்றைக்குக் கொஞ்சம் வழக்கொழிந்த நடைதான். ‘ஐ உட் லைக் டு’ என்று எளிதாக எழுதிவிட்டால் இந்த வம்பே வேண்டாம்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு ஆணையோ பெண்ணையோ வெறுமனே டிசைரபிள் என்றால் ஆங்கிலத்தில் உடல் சார்ந்த கவர்ச்சி உள்ளவர் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆங்கில நாளிதழ்கள் சினிமாக்காரர்களை வைத்து ‘மோஸ்ட் டிசைரபிள்’ என்று பட்டியல் போடுவது இந்தப் பொருளில்தான். அதனால் ‘நல்ல குடும்பத்துப் பொண்ணு, விரும்பத்தக்க குணம்’ என்று மேட்ரிமோனியல் சைட்டில் எழுத நினைத்து ‘டிசைரபிள் கேர்ள்’ என்று போட்டுவிடாதீர்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் சம்பந்தம் அங்கேயே முடிந்துவிடும். வேலை சம்பந்தமாக ‘டிசைரபிள் கேண்டிடேட்’ என்றால் பிரச்சினை இல்லை, பின்னால் வருகிற சொல் காப்பாற்றிவிடும்.

எதிர்ச்சொல் அன்டிசைரபிள். இதையும் தமிழிலிருந்து திரும்பக் கொண்டுபோகும்போது சறுக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்ததும் ‘விரும்பத்தகாத சம்பவம் எதுவும் நடக்கவில்லை’ என்று செய்தி எழுதுவது நம் வழக்கம். அதை அப்படியே ‘அன்டிசைரபிள் இன்சிடென்ட்’ ஆக்கினால் புரியும், ஆனால் ஆங்கிலச் செய்தியில் அந்த இடத்துக்கு ‘அன்டுவர்ட் இன்சிடென்ட்’ என்று ஒரு நிலையான தொடர் இருக்கிறது. அன்டிசைரபிள் பழக்கவழக்கங்கள், பக்க விளைவுகள், ஆட்கள் போன்றவற்றோடு நன்றாகச் சேரும்.

பெயர்ச்சொல் டிசைரபிலிட்டி. கருத்துக்கணிப்பு எடுக்கிறவர்களுக்கு இது தலைவலியான சொல். வீட்டுக்கு வீடு போய் ‘தினமும் குப்பையைப் பிரித்துப் போடுகிறீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். தெருவைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாலு பேர் மெச்சுகிற பதில் எதுவோ அது தானாக வாயில் வந்துவிடுகிறது. இதற்கு ‘சோஷியல் டிசைரபிலிட்டி பயஸ்’ என்று பேர். 1960-இல் டக்ளஸ் க்ரவுன், டேவிட் மார்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று பதில் சொல்ல வேண்டும். ‘நான் யாரையும் தீவிரமாக வெறுத்ததே இல்லை’ என்கிற ரகத்தில் வாக்கியங்கள் இருக்கும். இப்படிப்பட்டவற்றுக்கெல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே போகிறவரின் மற்ற பதில்களையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

‘லீவ்ஸ் மச் டு பி டிசையர்ட்’ என்று ஒரு மரபுத்தொடரும் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் விரும்புவதற்கு நிறைய இடம் தருகிறது என்று பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அது நாகரிகமான திட்டு. ஒரு ஹோட்டலின் சுத்தத்தைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் அங்கே சாப்பிடப் போக வேண்டாம்.

கடைசியாக எழுத்துக்கூட்டல். டிசையர் என்ற சொல்லின் கடைசியில் இருக்கிற ‘இ’ எழுத்து டிசைரபிளில் விழுந்துவிடும். ஆருக்கு அடுத்து நேராக ஏ வரும். யூசபிள், வேல்யுவபிள் இரண்டும் இப்படித்தான். சேஞ்சபிள், நோட்டீசபிள் போன்றவற்றில் மட்டும் ‘இ’ நிற்கும், அதை எடுத்துவிட்டால் அதற்கு முன்னால் இருக்கிற ஜி, சி இரண்டின் மெல்லிய ஒலி போய்விடும் என்பதற்காக. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், ‘சை’யில் விழ வேண்டும். அந்த எழுத்து எஸ் என்றாலும் ஒலி இசட்.